இலத்தூரில் ஒரு ரெண்டர் பண்ணை

இலத்தூர்,
24 ஆகஸ்ட் 2025

பானு,

பெட்டியைப் பிரித்ததும் ஹார்ட் டிஸ்கைத்தான் முதலில் எடுத்திருப்பாய். அது காலி. காலியாகத்தான் அனுப்பியிருக்கிறேன். நம் அனிமேஷன் படத்துப் பெண் போலீஸின் கடைசி ஃபைல்கள் உன் லேப்டாப்பில் இருக்கின்றன. அவள் நடப்பது, கையை நீட்டி வரிசையை நிறுத்துவது, தொப்பியைக் கழற்றுவது எல்லாவற்றையும் இதில் ஏற்றி, தென்காசி பஸ்ஸில் பார்சலாகத் திருப்பி அனுப்பு.

ஜூன் மாதம் பேசிய பேச்சுக்குப் பிறகு உன் எண்ணை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். மறுபடி போனில் பேசினால் மறுபடியும் அப்படித்தான் பேசுவோம். காகிதத்தில் எழுதினால் ஒரு வரியை எழுதிவிட்டு அடிக்கலாம். இந்தக் கடிதத்திலேயே நான்கு வரிகளை அடித்திருக்கிறேன், பார்.

நம் படத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் மேனேஜரிடம் காட்டினாய். அவர் தங்கள் ஸ்டூடியோவின் இருநூறு கம்ப்யூட்டர்களில் ஒரே வாரத்தில் ரெண்டர் செய்து தருவதாகச் சொன்னார். முன்னால் ஸ்டூடியோவின் பெயர் வர வேண்டும் என்றார். அதைக்கூட நான் யோசித்திருப்பேன். ஆனால் அந்தப் பெண்ணின் வயிற்றைக் குறைக்க வேண்டும், வயதைக் குறைக்க வேண்டும், "கொஞ்சம் பார்க்கிற மாதிரி" ஆக்க வேண்டும் என்றாரே. அந்த வார்த்தையை நீ எனக்குத் திருப்பிச் சொன்னாய். அவளை யாரைப் பார்த்துச் செய்தோம் என்று தெரிந்த இன்னொருத்தி இந்த உலகத்தில் நீ மட்டும்தான்.

என் அம்மா எத்தனையோ சீசனாகப் பேரருவியில் பெண்கள் பக்கம் விசிலோடு நிற்கிறாள். ஊர் உலகமெல்லாம் வந்து குளித்துவிட்டுப் போகிறது. குற்றாலம் ஸ்டேஷன் ஏட்டு வள்ளித்தாய் ஒரு நாளும் அந்தத் தண்ணீருக்குக் கீழே போய் நின்றதில்லை. நம் படத்தில் கடைசியில் அவள் நிற்கிறாள். நான்கு நிமிஷப் படத்தில் அந்த ஒரு காட்சிக்காகத்தான் மற்றதெல்லாம். அங்கே போய் நிற்கிறவள் வேறு யாரோ ஒரு ஒல்லிப் பெண்ணாக இருந்தால் எனக்கு அந்தப் படம் வேண்டாம்.

அதனால் நானே ஒரு ரெண்டர் பண்ணை வைத்துவிட்டேன். என் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் நம்பினால் பொங்கல் தாண்டிவிடும். குறும்பட விழாவுக்கு அனுப்பக் கடைசி நாள் அக்டோபர் 15. அம்மா, "ஏட்டி, ஒரு படத்துக்கு எதுக்கு ஏழு கம்ப்யூட்டரு?" என்றாள். "படம்னா ஆயிரக்கணக்குல தனித்தனிப் படம்மா. ஒவ்வொண்ணுலயும் வெளிச்சம் எங்க விழும், நெழல் எங்க விழும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரையணும். ஒரு ஏக்கர் நடவுக்கு ஒரு ஆளையா விடுவோம்?" என்றேன். அப்பா டிராக்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "பண்ணைன்னு சொல்லுத. எத்தன ஏக்கரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

என்னுடையது ஒன்று போக மற்ற ஆறும் எங்கிருந்து வந்தன என்று நீ கேட்பாய். உன் அம்மாவிடமிருந்து. மூடிக்கிடக்கும் உங்கள் பிரவுசிங் சென்டரில் பெட்ஷீட் போர்த்தி வைத்திருந்தார். விலை பேசலாம் என்று போனேன். ஷட்டரைத் தூக்கிவிட்டு, "எம்மா செல்வி, சும்மா கெடந்து தூசி தின்னுது. ஓடுனா எனக்குச் சந்தோசம், எடுத்துட்டுப் போ" என்றார். அப்பாவின் டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, குழந்தைகளைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்துக் கொண்டுவந்தோம்.

உன்னிடம் நான் உதவி கேட்கவில்லை. என் படத்தின் பாதியைக் கேட்கிறேன்.

முத்துச்செல்வி


சென்னை,
28 ஆகஸ்ட்

ஏட்டி முத்துச்செல்வி,

முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டிருக்கிறாய். சரி. நானும் முழுசாகவே கூப்பிடுகிறேன்.

"என் படத்தின் பாதி" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? உன் அம்மாவின் நடையைச் செய்தது யார்? இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து, உடம்பின் பாரத்தை இடுப்பில் தாங்கிக்கொண்டு நடப்பாரே, அதைப் பிடிக்க மொபைலை பர்ஸில் ஒளித்துவைத்து பேரருவிக்கும் கார் பார்க்கிங்குக்கும் நடுவில் அவர் பின்னாலேயே அலைந்தது யார்? "என்னட்டி பானு, பிக்பாக்கெட் மாதிரி என் பின்னாலயே வருத?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் வழுக்கி விழுந்த மாதிரி நடித்தேன். அதெல்லாம் உன் பாதியா, என் பாதியா?

மேனேஜரிடம் காட்டியது பீற்றிக்கொள்ளத்தான். ஒளிக்கவில்லை. அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான். அங்கே எல்லோரும் பெரிய பெரிய காலேஜ். எங்கே படித்தாய் என்று கேட்டதற்குத் தென்காசி என்றேன், அது கேரளாவா என்றார்கள். உடனே லேப்டாப்பைத் திறந்து நம் அருவியைக் காட்டிவிட்டேன். மொத்த மேசையும் எழுந்து வந்து பார்த்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் சொன்னதையெல்லாம் அப்படியே உனக்குப் போனில் கொட்டினேன். அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னது தப்புதான். இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

என் அம்மா அந்தக் கம்ப்யூட்டர்களை உனக்குக் கொடுத்ததை என்னிடம் சொல்லவே இல்லை. நேற்று கேட்டால், "ஒங்க சண்டைக்குள்ள நான் எதுக்கு வரணும்?" என்கிறார். பள்ளியில் படிக்கும்போது அதில் ஒன்றைத் தொட்டால், "கஸ்டமர் வருவாவ, எந்திரி" என்று விரட்டுவார். உனக்கு மட்டும் ஆறும் வைக்கோல் மெத்தையில்.

ஃபைல்கள் எல்லாம் டிஸ்கில் இருக்கின்றன. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஏழையும் ஒரே பிளக்கில் சொருகாதே. உள்ளே இருக்கும் தூசியைத் தட்டிவிட்டு ஓட்டு. எல்லாவற்றிலும் சாஃப்ட்வேரின் ஒரே வெர்ஷன் இருக்கிறதா என்று பார்.

என் பெயரைப் போடாதே. வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தில், வெளிப் படங்கள் எதிலும் பெயர் வரக்கூடாது என்று இருக்கிறது. அப்போது படிக்காமல் போட்டுவிட்டேன்.

மெஹர் பானு


இலத்தூர்,
14 செப்டம்பர்

பானு,

ஓடுகிறது! மூன்று வாரமாக எழுதாததற்கு அதுதான் காரணம். இப்போதும் மேல் அறையிலிருந்து இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

விதைநெல் வைக்கும் மாடி அறையைக் காலி செய்து வாங்கிக்கொண்டேன். மேற்கே இரண்டு ஜன்னல். புளியறைப் பக்கமிருந்து வரும் காற்று நேரே உள்ளே இறங்குகிறது. காற்று நின்றால் நெல் அவிக்கிற அறை மாதிரி ஆகிவிடும். வயரிங் செய்ய எலக்ட்ரீசியன் குத்தாலிங்கம் அண்ணாச்சி வந்தார். தனி லைன், தனி ஃபியூஸ், ஏழு பிளக் என்றதும் கீழே இறங்கிப் போய் அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டாராம்: "அண்ணாச்சி, ஐஸ் ஃபேக்டரி எதும் வைக்கியளா? எங்கிட்ட சொல்லலாம்." அப்பா சொன்னது எனக்கு மாடிவரை கேட்டது. "எம் மவ பண்ணை வச்சிருக்கா. நீரு வேலையப் பாரும்."

உங்கள் சென்டரில் இவற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் ஒட்டியிருந்தது. எண்ணைச் சொல்லிக் கூப்பிட எனக்கு மனமில்லை. பேரருவி, ஐந்தருவி, புலியருவி, சிற்றருவி, செண்பகாதேவி, தேனருவி என்று பெயர் வைத்துவிட்டேன். என் பழைய கம்ப்யூட்டர் பழைய குற்றாலம். பேரருவியில்தான் அருவித் தண்ணீரின் கணக்கு முழுவதும் இருக்கிறது. மற்ற ஆறும் நெட்வொர்க் வழியாக அதனிடமிருந்து தண்ணீரை வாங்கிக்கொள்ள, ஏழும் தங்கள் பங்குப் படத்தை வரைந்து, ஒரே ஃபோல்டரில் கொண்டுவந்து போடுகின்றன. எந்தத் தண்ணீர்த்துளி எங்கே விழ வேண்டும் என்பது முந்தைய படத்தில் அது எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் அந்தக் கணக்கை ஒரே கம்ப்யூட்டர்தான் முதலிலிருந்து கடைசிவரை போட வேண்டியிருந்தது. பகிர்ந்துகொள்ள முடிந்த வேலையும் முடியாத வேலையும் எது எது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

முதல் வாரத்துப் படங்களைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். அருவி மினுங்கியது. வெயில் பட்ட மாதிரி துடித்தது. ஒரு நொடி, இது நான் நினைத்ததைவிட அழகாக இருக்கிறதே என்று ஏமாந்தேன். பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், ஏழுக்கு ஒரு படம் நிறம் மாறியிருக்கிறது. ஐந்தருவியில் பழைய வெர்ஷன். நீ சொல்லியிருந்தாய். நான் ஆறில் பார்த்துவிட்டு ஏழாவதும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் வீண். இப்போது வெர்ஷனை மாற்றியதோடு, படங்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்காமல் ஒரு ஷாட்டை முழுசாக ஒரு கம்ப்யூட்டருக்கே கொடுக்கிறேன். அப்புறம் சின்ன வித்தியாசம் இருந்தாலும் ஷாட் மாறும்போது கண் மன்னித்துவிடும்.

டிஸ்கில் கடைசி ஷாட்டின் தண்ணீர் முழுவதையும் அனுப்புகிறேன். அவள் தோளில் தண்ணீர் விழும்போது தோள் அசையவில்லை. சிலைமேல் விழுகிற மாதிரி இருக்கிறது. அவ்வளவு தண்ணீர் தலையில் இறங்கினால் யாருக்கும் ஒரு நொடி மூச்சு நிற்கும் அல்லவா? அது எனக்கு வராது. உனக்குத்தான் வரும்.

உன் பெயர் இல்லாமல் இந்தப் படம் போகாது. அதைப் பற்றி வேறு பேச்சு இல்லை.

செல்வி


சென்னை,
21 செப்டம்பர்

செல்வி,

தோளைச் சரிசெய்துவிட்டேன். தண்ணீர் விழுந்ததும் தோள் காதுவரை ஏறும், வாய் திறக்கும், பிறகு மெல்ல இறங்கும். இதற்காக ஹாஸ்டல் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் தலையில் கவிழ்த்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். என் அறைத்தோழி நிவேதா வெளியே நின்று, "உனக்கு ஏதும் பிரச்சினைன்னா சொல்லுப்பா" என்றாள்.

இப்போது கொஞ்சம் கசப்பானதை எழுதுகிறேன். அடிக்க மாட்டேன்.

நீ பண்ணைக்குப் பெயர் வைக்கிறாய், உன் அப்பா ஊருக்கெல்லாம் சொல்கிறார், எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் ஏன் வேலைக்கு வந்தேன் என்று ஒரு தடவையாவது கேட்டாயா? "படத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவள்" என்று மட்டும் சொன்னாய். சென்டர் மூடிக்கிடந்தது, செல்வி. ஆறு கம்ப்யூட்டர்மேலும் பெட்ஷீட் போர்த்திய அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. நீ உன் வீட்டு மாடியில் இருந்துகொண்டு எதையும் மறுக்கலாம். எனக்கு அந்த மாடி இல்லை.

இங்கே இருநூறு கம்ப்யூட்டர்கள் கண்ணாடி அறைக்குள் குளிரில் நிற்கின்றன. ஒரு சத்தம் வெளியே வராது. யாரும் எதற்கும் பெயர் வைப்பதில்லை. மேனேஜர் மறுபடி கேட்டார். "உங்க ஊர்ப் பொண்ணு இன்னும் கோவத்துலதான் இருக்காங்களா?" கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ வீணாக்கிய அந்த வாரத்தையும் சேர்த்தால் அக்டோபர் 15க்கு மயிரிழையில்தான் முடியும். ஒரு கம்ப்யூட்டர் படுத்தாலும் போச்சு.

அதனால் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, மேனேஜர் சொன்னபடி அவளை மெலிய வைத்துப் பார்த்தேன். ஆமாம், செய்தேன். வயிற்றை உள்ளே தள்ளினேன், கன்னத்தை இறுக்கினேன். பிறகு அதே நடையைப் போட்டு ஓட்டினேன். நடை பொய்யாகிவிட்டது, செல்வி. அந்தக் கால் இழுப்பது இத்தனை வருஷம் நின்றதால் வந்தது. மெலிந்த உடம்பில் அது ஏதோ ஸ்டைல் மாதிரி தெரிகிறது. கடைசியில் அருவிக்குக் கீழே போய் நின்றால், குளிக்க வந்த டூரிஸ்ட் மாதிரி இருக்கிறாள். சோப்பு விளம்பரம்.

அழித்துவிட்டேன். உனக்காக இல்லை. அது நான் செய்த நடை.

பெயர் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

பானு


இலத்தூர்,
2 அக்டோபர்

பானு,

நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில். நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் எழுத இன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை, ஏனென்றால் பண்ணை நின்றுவிட்டது.

நேற்று ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் டிராக்டர், மண்வெட்டி, அரிவாள், அம்மாவின் லத்தி வரைக்கும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு நாள் அப்படியே வைத்துவிடுவோம். யாரும் எதையும் தொடக்கூடாது. இந்த வருஷம் மாடியில் ஏழு கம்ப்யூட்டர்கள். அம்மா ஸ்டேஷனில் துப்பாக்கிகளுக்குப் பூஜை முடித்துவிட்டு யூனிஃபார்மோடு வந்து மாடி ஏறினாள்.

"அணைச்சிப் போடுட்டி."

"அணைக்க முடியாதும்மா. பதினஞ்சாம் தேதி இருக்கு."

"ஓடுத சாமானுக்கு எப்படிட்டி பூசை போட? ஒங்கப்பா டிராக்டர ஸ்டார்ட் பண்ணி வச்சிக்கிட்டா பொட்டு வைக்காவ?"

"டிராக்டர் வேற, இது வேற. ஓடட்டும், அது பாட்டுக்கு. நீங்க ஓரமா பொட்டு மட்டும் வைங்க."

"ஒரு நா ஓய்வு குடுக்காம அதுவள என்ன பாடு படுத்துத" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். உலகத்தில் வேலை செய்துகொண்டே பூஜை வாங்கிக்கொண்ட ஆயுதங்கள் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்திருக்கும். குங்குமத்தை ஃபேன் இழுத்து உள்ளே கொண்டுபோனதைப் பார்த்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. சூடம் காட்டினாள். அப்புறம் அப்பா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடும் மாவிலையோடும் வந்தார். டிராக்டருக்குத் தெளித்த கை, அதே வேகத்தில் வீசிவிட்டது. அவர் மனசுக்கு அதுதான் மரியாதை. என் கம்ப்யூட்டர்களுக்குக் குறைத்துத் தெளிப்பாரா?

பேரருவியின் மேல்மூடியில் காற்றுத் துவாரங்கள் உண்டு. 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த சிற்றருவியும் அணைந்தது. கருகிய வாசனையில் சூடத்தின் வாசனை கலந்திருந்தது. அம்மா முதலில் என்னைத்தான் பார்த்தாள். "நாந்தான் அணைக்கச் சொன்னேம்லா" என்றாள். அப்பா செம்பைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். பிறகு இறங்கிப் போய் டிராக்டர் பக்கத்தில் நின்றுகொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் தனித்தனியாக உட்கார்ந்தோம்.

பேரருவியின் டிஸ்க் போய்விட்டது. முடிந்த ஷாட்டுகள் எல்லாம் பழைய குற்றாலத்தில் பத்திரமாக இருக்கின்றன. கடைசி ஷாட் மட்டும்தான் பாக்கி. அம்மா தண்ணீருக்குக் கீழே நிற்கும் ஷாட். அதன் தண்ணீர் இப்போது என்னிடம் இல்லை. மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட்டால் தேதி தாண்டிவிடும்.

என் கணக்கு முடிந்துவிட்டது. மற்ற எல்லாவற்றையும் டிஸ்கில் வைத்து அனுப்புகிறேன். உன் மேனேஜரிடம் கேள். அவர் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். அவளை மெலிய வைக்கத்தான் வேண்டும் என்றால், பின்னால் திரும்பி நிற்கிற மாதிரியாவது செய்யச் சொல். முகம் தெரிய வேண்டாம்.

செல்வி


சென்னை,
6 அக்டோபர்

ஏட்டி செல்வி,

மேனேஜரிடம் கேட்கவில்லை.

டிஸ்க் வந்தது. கடிதத்தை ஹாஸ்டல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். "முகம் தெரிய வேண்டாம்" என்ற வரிக்கு வந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு, நீ எதிரில் இருந்திருந்தால் அந்தச் செம்பாலேயே ஒன்று வைத்திருப்பேன். நீயா எழுதினாய் இதை? வயிற்றைத் தொடாதே என்று என் எண்ணையே தூக்கி எறிந்தவளா?

நன்றாகக் கேள். கடைசி ஷாட்டின் தண்ணீரை செப்டம்பரில் நீயே எனக்கு அனுப்பினாய், தோளைச் சரிசெய்ய. திருப்பி அனுப்பும்போது அதை நான் அழிக்கவில்லை. அது அப்படியே என் லேப்டாப்பில் இருக்கிறது. ஒரு துளி குறையாமல்.

ஆபீசில் ஓட்டியிருக்கலாம். அந்த இருநூறும் லீவில் சும்மாதான் நின்றன. யாருக்கும் தெரிந்திருக்காது. என்னிடம் கார்டு இருக்கிறது, கதவு திறக்கும். வாசல்வரை போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். திருட்டுத்தனமாக அங்கே வரைந்துவிட்டு, நம் சொந்தப் பண்ணை என்று நீ எப்படிச் சொல்வாய்? திரும்பி வந்துவிட்டேன்.

ஹாஸ்டலில் பூஜை லீவுக்கு ஊருக்குப் போகாதவர்கள் நாங்கள் ஐந்து பேர். நிவேதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ராஜபாளையத்துக்காரி, கணக்கு எழுதும் வேலை. ரெண்டர் என்றால் வாடகைக் கார் கம்பெனியா என்று கேட்டவள். நம் படத்தின் முடிந்த பகுதியைக் காட்டினேன். விசில் ஊதிக் கூட்டத்தை நகர்த்திவிட்டு, உன் அம்மா சட்டை நனைந்த ஒரு குழந்தையைத் தூக்கி அதன் அம்மாவிடம் கொடுப்பாரே, அங்கே நிறுத்தச் சொன்னாள். "எங்க சித்தி மாதிரியே இருக்காங்கப்பா" என்றாள். ஐந்து நிமிஷத்தில் மற்ற மூன்று பேரின் லேப்டாப்பையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். "இன்னைக்கு சீரியல் கிடையாது, எல்லாரும் போன்ல பாத்துக்கோங்க" என்று உத்தரவு.

ஐந்து லேப்டாப்பும் இரும்புக் கட்டில் ஒன்றின்மேல் வரிசையாக, அடியில் தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, எதிரில் டேபிள் ஃபேன். வார்டன் வந்து பார்த்து, "இது என்னம்மா, ஏதாவது மோசடியா?" என்றார். "பண்ணை மேடம்" என்றாள் நிவேதா. எல்லாவற்றிலும் ஒரே வெர்ஷன். ஒன்று விடாமல் ஐந்திலும் பார்த்தேன், உன்னை மாதிரி நாலில் நிறுத்தவில்லை. மூன்று நாளாக மூச்சுவிடாமல் ஓடி, இன்று விடியற்காலையில் கடைசி ஃபிரேம் வந்தது. டிஸ்கில் இருக்கிறது.

இன்று ஆபீஸ் திறந்ததும் மேனேஜரிடம் போனேன். நாங்களே முடித்துவிட்டோம் என்றேன். "அவ்வளவு பழைய சிஸ்டத்திலா?" என்று கேட்டார். நம்பாமல் கேட்டாரா, மதிப்பாகக் கேட்டாரா, தெரியவில்லை. "அதில் என் பெயர் வரும். நான் இங்கே சேருவதற்கு முன்னால் செய்த வேலை அது" என்றும் சொன்னேன். ஆபீசில் பேசிப் பார்க்கிறேன் என்றார். என்ன ஆகும் என்று தெரியாது. என் பெயரைப் போடு. முழுசாகப் போடு, மெஹர் பானு என்று. யாராவது ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பாவிடம் பேசு. அந்தச் செம்பை இன்னும் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்பார்.

பானு


இலத்தூர்,
16 அக்டோபர்

பானு,

அனுப்பிவிட்டேன். கிடைத்தது என்று விழாக்காரர்களிடமிருந்து பதிலும் வந்துவிட்டது. தேர்வாகுமா ஆகாதா என்பது இனி அவர்கள் பாடு. நமக்கு வேண்டியது நம் கையில் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் உங்கள் சென்டரில்தான் போட்டுக் காட்டினேன். உன் அம்மா வீட்டு டிவியைக் கொண்டுவந்து கவுண்டர்மேல் வைத்திருந்தார். ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டார். தெருவில் போன இரண்டு பேர், "சென்டர் தொறந்தாச்சா?" என்று உள்ளே வந்து நின்று பார்த்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். நான் போய்ப் பேசிய அன்றைக்குக் குத்தாலிங்கம் அண்ணாச்சியைக் கூட்டிவந்து மாடி வயரிங் முழுவதையும் அவரே நின்று சோதிக்க வைத்தார், அவ்வளவுதான். அம்மா டியூட்டி முடிந்து யூனிஃபார்மிலேயே நேராக வந்தாள். அருவிப் படம் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

விசில் சத்தத்தில் படம் தொடங்கியது. அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள், யாரோ டியூட்டிக்குக் கூப்பிட்ட மாதிரி. முதல் நிமிஷம் முழுவதும் பேரருவியைத்தான் பார்த்தாள். "தண்ணி சரியா விழுது" என்றாள் அப்பாவிடம். அப்புறம் அந்தப் பெண் நடந்தாள்.

"அந்தப் பொம்பளைக்கு எதுக்குட்டி இடது காலு இழுக்கு?"

அப்பா தொண்டையைச் செருமினார். உன் அம்மாதான், "ஏ வள்ளி, நீ கண்ணாடியே பாத்தது இல்லியா?" என்றார்.

நான் திரையைப் பார்க்கவில்லை, பானு, அம்மாவைத்தான் பார்த்தேன். உன் ஷாட் வந்தது. குளிக்கத் தடை போட்ட நாள், கூட்டமெல்லாம் போன பிறகு தண்ணீர் தணிந்திருக்கிறது, அவள் மட்டும் நிற்கிறாள், தொப்பியைக் கழற்றிக் கம்பியில் மாட்டுகிறாள், போய் நிற்கிறாள். தண்ணீர் இறங்கியதும் அவள் தோள் ஏறியது. இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் தோளும் ஏறியது. நிவேதாவிடம் சொல், உங்கள் ஐந்து பேரின் கட்டிலில் வரைந்த வெளிச்சம்தான் அவள் முகத்தில் விழுந்தது. முழு முகத்திலும்.

பெயர்கள் வந்தபோது உன் அம்மா ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தார். வந்து நின்ற அந்த இரண்டு பேரிடமும், "எம் மவ" என்றார். அவர்கள் கேட்கவே இல்லை, இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னார்.

திரும்பி வரும்போது டிராக்டரில் அம்மா ஒன்றும் பேசவில்லை. பிடிக்கவில்லையோ, கேட்காமல் செய்ததற்குக் கோபமோ என்று எனக்குள் ஏதேதோ ஓடியது.

இன்று காலையில் டியூட்டிக்குக் கிளம்பினாள். எப்போதும் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பையோடு இன்னொரு பை. அதில் ஒரு துண்டு, மாற்று சேலை, சீப்பு. அப்பா வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சோப்பு எடுத்துக்கிடலியா?" என்றார்.

அம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"அருவில சோப்பு போடக் கூடாதுல்லா. போட்டா நானே கேஸு எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

செல்வி